டொயோட்டா சியன்னா ஹைப்ரிட்: குடும்பத்தோடு நீண்ட பயணத்துக்கு எப்படி?

ஷோரூமில் சியன்னாவைப் பார்த்தால் அகன்ற முகப்பும் பெரிய திரையும்தான் முதலில் கண்ணில் படும். நாள் முழுக்க ஓடிய பிறகு நினைவில் நிற்பவை வேறு இரண்டு: இறங்கவே மனமில்லாத பெட்ரோல் முள், காலை நீட்டி உட்கார வைக்கும் இரண்டாம் வரிசை. நடுவரிசைக்காரர்களை மையமாக வைத்தே இந்த மினிவேனைச் செய்திருக்கிறார்கள். இதன் பெரிய நிறையும் பெரிய குறையும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

2020 மே மாதம் அறிமுகமான நான்காம் தலைமுறையில் பழைய 3.5 லிட்டர் வி6 இன்ஜினை அடியோடு நீக்கிவிட்டார்கள். எல்லா வகையும் ஹைப்ரிட்தான். 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டார்களும் சேர்ந்து 245 குதிரைத்திறன் தருகின்றன. சார்ஜரில் செருக வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கும்போதும் இன்ஜின் ஓடும்போதும் பேட்டரி தானாக நிரம்பிக்கொள்ளும். நான்கு சக்கரங்களும் இயங்கும் ஆல் வீல் டிரைவ் வகையில் பின்சக்கரங்களுக்குத் தனி மோட்டார் இருப்பதால், முன்னாலிருந்து பின்னால் போகும் நீண்ட ஷாஃப்ட் இல்லை.

மைலேஜ் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அமெரிக்க அரசின் சோதனை அளவுப்படி முன்சக்கர இயக்க வகைக்கு கேலனுக்கு 36 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 15.3 கிலோமீட்டர். நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் அதே எண்தான். சாதாரண பெட்ரோல் வண்டி நெடுஞ்சாலையில் அதிகம் தரும், நெரிசலில் சரிந்துவிடும். இது நெரிசலில் சரிவதில்லை. நின்று நின்று போகும்போது பிரேக்கில் வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஊருக்குள் நுழைந்து வெளியேறும் ஒவ்வொரு முறையும் அந்த வித்தியாசம் தெரியும். டேங்க் 68 லிட்டர். காகிதக் கணக்கில் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் ஆளும் லக்கேஜும் ஏறி, ஏசி முழுநேரம் ஓடும்போது அந்தக் கணக்கை நம்பிக் கிளம்பக் கூடாது. லிட்டருக்கு 13 என்று வைத்து, 8 லிட்டரைக் கையிருப்பாக ஒதுக்கினால் 780 கிலோமீட்டர். பயணத் திட்டத்துக்கு இந்த எண் போதும். வேகத்தையும் கணக்கில் சேருங்கள்: 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 120க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடுகிறது. இவ்வளவு உயரமும் அகலமும் உள்ள வண்டியில் அது நேராகப் பெட்ரோலில் தெரியும். மேலே ரூஃப் பாக்ஸ் வைத்தால் இன்னும் குறையும்.

இனி அந்த இரண்டாம் வரிசை. ஏழு பேர் வகையில் இரண்டு தனித்தனி சீட்டுகள். முன்னும் பின்னுமாக 63 சென்டிமீட்டர் வரை நகரும். மூன்றாம் வரிசையில் ஆளில்லாதபோது முழுக்கப் பின்னால் தள்ளினால் உயரமானவர்கூடக் காலை நன்றாக நீட்டிக்கொள்ளலாம். மூன்றாம் வரிசையில் ஆள் இருந்தால் அந்தச் சுகம் கிடையாது. நடுவில் ஓரிடத்தில் நிறுத்திப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கிளம்புவதற்கு முன்பே இரண்டு வரிசையிலும் ஆளை உட்காரவைத்து சீட்டை நிறுத்திவிடுங்கள். சைல்ட் சீட் கட்டிய பிறகு அந்த சீட்டை நகர்த்தினால், அது இறுக்கமாக நிற்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

குறை என்று சொன்னது இதைத்தான்: இரண்டாம் வரிசை சீட்டைக் கழற்றி வெளியே எடுக்க முடியாது. பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருப்பது காரணம். பயணிகளுக்கு நல்லது, சாமான் ஏற்றுபவர்களுக்குத் தலைவலி. அவற்றை முன்னால் ஒட்டித் தள்ளி நிறுத்தலாம், அவ்வளவுதான். வருடத்துக்கு ஒருமுறை வீடு மாற்ற, கட்டில் மெத்தை ஏற்ற என்று நினைத்து வாங்குபவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே வேறு வண்டியைப் பார்க்கலாம். பயணமே முக்கியம் என்பவர்களுக்கு இது பெரிய இழப்பில்லை.

டிக்கியில் செலவழிக்கும் பத்து நிமிடம்தான் மீதி நாளைக் காப்பாற்றும். மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போது அதன் பின்னால் தரைமட்டத்துக்குக் கீழே ஆழமான ஒரு குழி இருக்கிறது. டொயோட்டா தரும் கொள்ளளவு சுமார் 949 லிட்டர். சூட்கேஸ்களைப் படுக்கப் போடாமல், சக்கரம் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். கைப்பிடி மேலே இருந்தால் ஒன்றை மட்டும் உருவி எடுக்கலாம். கனமானது குழியின் அடியில், சீட் முதுகை ஒட்டி. துணிப்பைகளை இடுக்குகளில் திணியுங்கள். சீட் முதுகின் உயரத்துக்கு மேல் எதையும் அடுக்காதீர்கள். திடீர் பிரேக்கில் அது கடைசி வரிசையில் இருப்பவர்களின் பின்மண்டைக்குத்தான் வரும். கதவை ஒட்டி உருண்டையான பொருள் வேண்டாம். டிக்கியைத் திறந்த நொடியில் முதலில் வெளியே விழுவது அதுதான்.

அந்தக் குழியே மூன்றாம் வரிசை மடங்கிப் போய்ப் படுக்கும் இடமும் என்பதைப் பலர் வழியில்தான் உணர்கிறார்கள். பாதி வழியில் ஒருவரை இறக்கிவிட்டு, சீட்டை மடக்கி இடம் பண்ணலாம் என்றால், குழியில் இருக்கும் லக்கேஜ் அத்தனையையும் முதலில் கீழே இறக்கியாக வேண்டும். எனவே எத்தனை சீட் வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். சீட் 60:40 என்று பிரிந்திருப்பதால் ஒரு பக்கத்தை மட்டும் மடக்கி, அந்தப் பக்கம் உயரமான சாமானை நிறுத்தலாம். மடக்கும்போது ஹெட்ரெஸ்ட் இறங்கியிருக்க வேண்டும், பெல்ட் கொக்கி சீட்டுக்கு அடியில் சிக்காமல் ஒதுங்கியிருக்க வேண்டும். முதுகை மடித்து, பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் சீட் புரண்டு குழிக்குள் அமரும். தரை சமமாக அமராமல் ஒரு மூலை தூக்கி நின்றால், குழிக்குள் ஏதோ ஒரு பொம்மையோ தண்ணீர் பாட்டிலோ கிடக்கிறது என்று அர்த்தம். அழுத்தி உட்காரவைக்காமல் எடுத்துப் பாருங்கள்.

வாந்தி வரும் பழக்கம் உள்ள பிள்ளையை மூன்றாம் வரிசையில் உட்காரவைக்காதீர்கள். அந்த வரிசை பின் ஆக்சிலை ஒட்டி இருப்பதால் குண்டு குழிகளில் அதிகம் தூக்கிப் போடும், முன்னால் சாலையும் சரியாகத் தெரியாது. நடு வரிசையில், முன்கண்ணாடி தெரிகிற மாதிரி இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஸ்லைடிங் டோர் இல்லாத குடும்ப வண்டிக்குத் திரும்பிப் போவது கஷ்டம். வண்டியின் அகலம் ஏறக்குறைய 2 மீட்டர், நீளம் 5.17 மீட்டர், நெருக்கமான பார்க்கிங்கில் பக்கத்து வண்டியை இடிக்காமல் பிள்ளைகள் இறங்க முடிவது இந்தக் கதவால்தான். கீழ்த் தண்டவாளத்தில் மணலும் தின்பண்டத் துகளும் சேரும். கதவு பாதியில் நின்று திரும்பினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. காய்ந்த பிரஷால் தட்டி எடுத்தால் போதும். அங்கே கண்டபடி கிரீஸ் பூசினால் தூசி இன்னும் அப்பிக்கொள்ளும்.

ஓட்டுபவருக்குக் கிடைப்பது சுமார்தான். ஸ்டீயரிங் இலகு, பார்வை நன்றாக இருக்கிறது, நேர்ச்சாலையில் களைப்புத் தெரியாது. ஆனால் முழுச் சுமையோடு மேட்டில் ஏறும்போதோ வேகமாக முந்தும்போதோ இன்ஜின் ஒரே உச்ச ஸ்தாயியில் கத்தும். இதில் படிப்படியான கியர் கிடையாது; தேவையான சக்திக்கு ஏற்ற சுழற்சியில் இன்ஜின் நின்றுவிடுகிறது, வண்டி பின்னால் வந்து சேர்கிறது. கோளாறு இல்லை, அமைப்பே அப்படித்தான். பழைய வி6 ஓட்டிப் பழகியவர்களுக்கு இது உறுத்தும். வாங்கும் முன் ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள்.

நீண்ட மலை இறக்கத்தில் வேறொன்று நடக்கும். கொஞ்ச தூரத்திலேயே பேட்டரி நிரம்பிவிடும். அதற்குமேல் பிரேக் ஆற்றலை வாங்கிக்கொள்ள இடமில்லாததால் இன்ஜின் சுழன்று வண்டியைப் பிடித்து நிறுத்தும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்த பிறகும் இன்ஜின் இரைகிறதே என்று பயப்பட வேண்டாம். இறக்கம் தொடங்கும்போதே கியர் லீவரை ‘எஸ்’ (S) நிலைக்குக் கொண்டுவந்து வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறும்.

ஹைப்ரிட் பேட்டரி முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று வண்டிக்குள்ளிருந்தே போகிறது. கையேட்டைப் பார்த்து அந்தக் காற்றுத் துளைகளை அடையாளம் கண்டு, பையோ போர்வையோ மூடாமல் விடுங்கள். ஓய்வுக்கு நிறுத்தி ஏசி வேண்டுமென்றால் வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கு எரியும் நிலையிலேயே இருக்கட்டும்; தேவைப்படும்போது இன்ஜின் தானாக ஓடி அணையும். வண்டியைக் கிளப்பாமல் வெறும் ஆக்சஸரி நிலையில் விளக்கும் பாட்டும் போட்டுக்கொண்டிருந்தால் சிறிய 12 வோல்ட் பேட்டரி தீர்ந்து, வண்டி கிளம்பாது. சத்தமே இல்லாமல் ரெடி நிலையில் நிற்பதால் அணைக்க மறந்து இறங்குவதும் நடக்கும். இன்ஜின் தானாக ஓடிப் புகை கக்கும் என்பதால், மூடிய கராஜில் அது உயிருக்கே ஆபத்து.

சுமைக் கணக்கை யாரும் போடுவதில்லை, போட வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் ஆளும் சாமானும் சேர்த்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று இருக்கும். ஏழு பேர், சராசரி 65 கிலோ என்றாலே 455 கிலோ போய்விடும், மிச்சம்தான் லக்கேஜுக்கு. கூரைமேல் வைப்பதும் அதில் சேர்த்தி. டயர் காற்றும் அதே தாளில் இருக்கும். காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான பிறகு நாலைந்து பிஎஸ்ஐ கூடிக் காட்டுவது இயல்பு, அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

கடைசியாக ஸ்டெப்னி. சியன்னாவின் எல்லா வகையிலும் அது வருவதில்லை. பஞ்சர் கிட் மட்டும் இருந்தால், ஆணி குத்திய சிறு ஓட்டையை அது அடைக்கும்; பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு உதவாது. உங்கள் வண்டியில் எது இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று டிக்கி காலியாக இருக்கும்போதே திறந்து பார்த்துவிடுங்கள்.