லெட்டர் போட்டு வீடு தேடித் தர்ற சர்வீஸ்: பிரிண்டிங் ஓகே, லிஸ்ட் படுமோசம்

விளம்பரத்துக்கே வராத வீட்டை ஓனர்கிட்ட நேரா பேசி வாங்கலாம்னு, ஓனருங்க லிஸ்ட் எடுத்து, "வீட்டை விக்கறீங்களா"ன்னு கேக்கற லெட்டரை பிரிண்ட் பண்ணி போஸ்ட் பண்ற வரைக்கும் எல்லாம் நாங்களே பாத்துக்கறோம்னு சொன்ன ஒரு கம்பெனிகிட்ட (பேர் வேணாம்) 6 மாசம் காசு கட்டினேன்.

லெட்டர்ல குறையே சொல்ல முடியாது. கையால எழுதின மாதிரி எழுத்து, சாதா கவர், மேல நிஜ ஸ்டாம்ப். ஜன்னல் வெச்ச கவர்னா ஏதோ பில்லுன்னு அப்படியே ஓரமா போட்டுடுவாங்க, அது இவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. சொன்ன தேதிக்கு கரெக்டா போஸ்ட்டும் ஆச்சு.

லிஸ்ட்லதான் சொதப்பிட்டாங்க. நான் கேட்டது வெளியூர்ல இருக்கற ஓனருங்க, பூட்டியே கிடக்கற வீடு, வரி பாக்கி இருக்கற சொத்து, இந்த மாதிரி. ஆனா பாதி லெட்டர் ஓனர் இருக்கற அட்ரஸுக்கு போகாம அந்த பூட்டின வீட்டுக்கே போயிருக்கு, யார் எடுத்துப் படிப்பாங்க சொல்லுங்க? ஒருத்தருக்கு 4 வீடு இருந்தா அவருக்கு ஒரே நாள்ல 4 கவர். அதை விடுங்க, ஒரு பொண்ணு போன் பண்ணி "அப்பா தவறி 2 வருஷம் ஆச்சுங்க, அவர் பேருக்கு ஏன் அனுப்பறீங்க"ன்னு கேட்டுச்சு, எனக்கு நாக்கே எழல, மன்னிப்பு கேட்டுட்டு உடனே பேரை எடுக்கச் சொல்லி மெயில் போட்டேன், "செஞ்சாச்சு சார்"னு பதிலும் வந்துச்சு, அடுத்த மாசம் அதே பேருக்கு மறுபடியும் லெட்டர்!

போன் வர்றதைப் பத்தி ஒண்ணு. முதல் தடவை வர்றதுல பாதிக்கு மேல திட்டுதான், "என் அட்ரஸ் உனக்கு எப்படிய்யா கிடைச்சுது"ன்னு. 3வது, 4வது லெட்டருக்கு அப்புறம்தான் நிஜமாவே விக்கற எண்ணம் இருக்கறவங்க பேசினாங்க, அதனால ஒரே ஒரு தடவை அனுப்பிட்டு நிறுத்தறதுன்னா ஆரம்பிக்கவே வேணாம். ஒவ்வொரு லிஸ்ட்டுக்கும் லெட்டர்ல போட தனி போன் நம்பர் குடுத்தாங்க, எக்ஸ்ட்ரா சார்ஜ்தான், ஆனா எந்த லிஸ்ட் வேலை செய்யுதுன்னு அதை வெச்சுதான் கண்டுபிடிச்சேன்.

5க்கு 2 ஸ்டார், அதுவும் பிரிண்டிங்குக்காக. இப்ப லிஸ்ட்டை நானே எக்ஸெல்ல உக்காந்து சரி பண்ணி பிரிண்டிங் மட்டும் இவங்ககிட்ட குடுக்கறேன், முதல் வேலையா எடுத்தது அந்தப் பொண்ணோட அப்பா பேரைத்தான்.