இதழைத் தேர்வதற்கு முன் திறக்க வேண்டிய பக்கம்: என்.எல்.எம். கேட்டலாக், ஒரு மதிப்பீடு

மருத்துவ ஆய்வுக் கட்டுரையை எங்கே அனுப்புவது என்று தேடும்போது, "எங்கள் இதழ் பப்மெட்டில் உள்ளது" என்ற ஒற்றை வரியை நம்பிப் பலர் கட்டணம் கட்டிவிடுகிறார்கள். அந்த வரி எந்த அளவுக்கு உண்மை என்பதைச் சரிபார்க்க, அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் இலவசமாகத் தரும் என்.எல்.எம். கேட்டலாகைவிட நம்பகமான இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

பப்மெட் 1996 முதல் இயங்கிவரும், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளம். அதன் பெரும்பகுதியான மெட்லைன், வல்லுநர் குழுவின் பரிசீலனைக்குப் பிறகு இதழ் இதழாகத் தேர்ந்து சேர்க்கப்படும் தொகுப்பு. 2000-இல் தொடங்கிய பி.எம்.சி.யோ முழுக்கட்டுரைகளின் காப்பகம். ஆய்வுக்கு நிதி நல்கிய அமைப்பின் விதிப்படி, ஆசிரியர்களே தங்கள் கட்டுரைகளைத் தனித்தனியாக அங்கே சேர்ப்பதும் உண்டு; அவையும் பப்மெட் தேடலில் வரும். ஆகவே ஓர் இதழின் சில கட்டுரைகள் பப்மெட் தேடலில் கிடைக்கின்றன என்பதால், அந்த இதழையே யாரோ ஆராய்ந்து ஏற்றுக்கொண்டார்கள் என்று ஆகிவிடாது.

கேட்டலாகில் இதழின் பெயரைக் கொண்டு தேடுவதைவிட ஒவ்வோர் இதழுக்கும் தனியாக வழங்கப்படும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைக் கொண்டு தேடுவதே நல்லது. ஒரு சொல் மட்டுமே மாறிய பெயர்களும், புகழ்பெற்ற இதழின் பெயரை அப்படியே சூடிக்கொண்ட போலித் தளங்களும் இத்துறையில் மலிந்திருக்கின்றன. பதிவு திறந்ததும், பதிப்பாளர், நாடு, தொடங்கிய ஆண்டு, முந்தைய பெயர் ஆகியவற்றைக் கடந்து, அட்டவணைப்படுத்தலின் தற்போதைய நிலையைச் சொல்லும் வரிக்குச் செல்லுங்கள். மெட்லைனில் இப்போது சேர்க்கப்படுகிறதா, முன்பு சேர்க்கப்பட்டு நின்றுவிட்டதா, எந்தத் தொகுதியிலிருந்து எந்தத் தொகுதி வரை என்பதெல்லாம் அங்கே தெரியும். என் பார்வையில் இந்தக் கருவியின் மதிப்பு முழுவதும் அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. கேட்டலாக் என்பது நூலகப் பட்டியல். அதில் பதிவு இருப்பது தரச்சான்று அன்று. மெட்லைனில் சேர்க்கப்படாத இதழ்களுக்கும் அதில் பதிவு உண்டு என்பதை மறைத்து, "தேசிய மருத்துவ நூலகத்தில் பட்டியலிடப்பட்டது" என்று விளம்பரம் செய்யும் இதழ்களிடம் இளம் ஆய்வாளர்கள் ஏமாறுவது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மறுபுறம், மெட்லைனில் இல்லை என்பதாலேயே ஓர் இதழைத் தள்ளிவிடவும் கூடாது. புதிய இதழ்களுக்குக் காலம் வேண்டும்.

கட்டணம், மதிப்பாய்வு முறை பற்றிய விவரங்களை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ் என்றால் அவற்றை அத்தகைய இதழ்களுக்கென 2003-இல் தொடங்கிய டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். கேட்டலாகின் பக்க அமைப்பு நூலகர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. முதல்முறை வருபவருக்கு எந்த வரி முக்கியம் என்று அது சுட்டிக்காட்டுவதில்லை. நெறியாளர்கள் ஒருமுறை உடனிருந்து காட்டினால் போதும், மாணவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இதழின் நிலை பின்னாளில் மாறக்கூடும் என்பதால், கட்டுரையைச் சமர்ப்பிக்கும் நாளன்று அந்தப் பதிவின் நகலைத் தேதியோடு சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.