18 மாதப் பயன்பாட்டு அனுபவம்: பால்பவுடர், தானியக் கூழ், பழச்சாறு, முதல் திட உணவுகள்

என் மகளுக்கு இப்போது 18 மாதங்கள் நிறைவடைந்துவிட்டன. அவள் பிறந்த ஆறாவது வாரத்தில் முதல் பால்பவுடர் டப்பாவைத் திறந்தேன். 14-ஆம் மாதத்தில் கடைசிப் பால்புட்டியைக் கழுவி எடுத்து வைத்தேன். இடையில் தானியக் கூழ், பழச்சாறு, மசியல், கையில் பிடித்து உண்ணும் உணவு என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வாங்கிய ஒரு வாரத்தில் எழுதப்படும் கருத்துகள் அந்நாட்களில் எனக்கு அதிகம் உதவவில்லை. குழந்தைக்கு ஒரு பொடியின் சுவை பிடித்திருக்கிறதா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். நாம் அதைக் கையாளும் முறை சரியா என்பது தெரியப் பல மாதங்கள் ஆகின்றன. அந்த மாதங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும் என்பதும், அதன்பின் மற்ற உணவுகளுடன் சேர்த்து இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் அதைத் தொடரலாம் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு மாற்றாக இதை நான் எழுதவில்லை. எனக்குப் பால் போதவில்லை. ஆறு வாரங்களில் ஏற வேண்டிய எடை மகளுக்கு ஏறவில்லை. குழந்தை மருத்துவர் எடைப் பதிவைப் பார்த்துவிட்டுத் தாய்ப்பாலுக்குப் பின் பால்பவுடரும் கொடுக்கச் சொன்னார். நான்காம் மாத முடிவில் அது முழுநேர உணவாகிவிட்டது.

எந்த நிறுவனத்தின் பொடி சிறந்தது என்று தேடுவதில் நான் செலவிட்ட இரவுகள் அதிகம். அந்தத் தேடலுக்கு அவ்வளவு தேவை இருக்கவில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். பிறந்த குழந்தைகளுக்கான பால்பவுடருக்கு கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர நெறி உண்டு. கலந்த பாலில் 100 மில்லிலிட்டருக்கு 60 முதல் 70 கிலோகலோரி இருக்க வேண்டும் என்பதில் தொடங்கி, புரதம், கொழுப்பு, இரும்புச்சத்து எனப் பலவற்றுக்கும் அது எல்லை வகுத்திருக்கிறது. ஒவ்வாமை போன்ற தனிக் காரணம் எதுவும் இல்லாத என் மகளுக்கு, பசும்பாலை அடிப்படையாகக் கொண்ட சாதாரண முதல்நிலைப் பொடிகள் இரண்டைக் கொடுத்திருக்கிறோம். தூக்கத்திலோ எடையிலோ மலம் கழிப்பதிலோ எந்த வேறுபாட்டையும் நான் காணவில்லை.

வேறுபாடு இருந்தது அளவுக் கரண்டியில். முதல் பொடிக்கு 30 மில்லிலிட்டர் தண்ணீருக்கு ஒரு கரண்டி. மூன்றாம் மாதத்தில் அது கிடைக்காமல் வேறொன்று வாங்கினோம். அதற்கு 60 மில்லிலிட்டருக்கு ஒரு கரண்டி, கரண்டியும் ஏறக்குறைய இரு மடங்கு பெரியது. நான் புதிய டப்பாவின் அட்டவணையைப் படித்தேன், ஆனால் கைக்குப் பழகிய பழைய கரண்டியையே எடுத்துப் போட்டேன். ஒரு பகல் முழுவதும் என் குழந்தை குடித்தது பாதிச் செறிவுள்ள பால். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அவள் அழுததைப் புதிய பொடி ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தேன். மாலையில் என் கணவர் கலக்க வந்தபோது டப்பாவுக்குள் வேறொரு கரண்டி புதைந்து கிடப்பதைக் கண்டார். உடனே மருத்துவரை அழைத்துப் பேசினோம். ஒரு பகலோடு கண்டுபிடித்தது நல்லதாயிற்று என்றார். நீர்த்த பால் தொடர்ந்து சென்றால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரைக்கும் போகலாம். பொடி கூடினால் சிறுநீரகத்துக்குச் சுமை ஏறி உடலில் நீர் வற்றும். டப்பா காலியான அன்றே அதன் கரண்டியையும் சேர்த்து எறிந்துவிட வேண்டும் என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கட்டாயம். தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, கரண்டியைத் தலைதட்டி, அழுத்தாமல், அதன்பின் பொடியைப் போடுவோம். யார் கலந்தாலும் கரண்டிகளை வாய்விட்டு எண்ண வேண்டும். நள்ளிரவில் மூன்றா நான்கா என்ற ஐயம் வந்தால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவோம்.

தண்ணீரின் சூடு பலரும் கவனிக்காத இடம். பால்பவுடர் கிருமி நீக்கம் செய்யப்பட்ட பொருள் அன்று. அதில் க்ரோனோபாக்டர் என்னும் பாக்டீரியா அரிதாக இருக்கக்கூடும். அரிதானாலும், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம். உலக சுகாதார நிறுவனமும் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத தண்ணீரில் பொடியைக் கலக்கச் சொல்கிறது. எங்கள் முதல் டப்பாவில் அதைவிட ஆறிய தண்ணீர் போதும் என்று அச்சிட்டிருந்தது. மருத்துவரிடம் கேட்டபின் நான் சூடான தண்ணீரையே தேர்ந்தெடுத்தேன். கொதிக்கவைத்து அரை மணி நேரத்துக்குள் ஊற்றிப் பொடியைக் கலந்து, புட்டியை மூடிக் குளிர்ந்த நீரில் ஆறவைத்து, மணிக்கட்டின் உட்புறத்தில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுப்பேன். இதற்குப் பத்து நிமிடம் கூடுதலாகும். அழும் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பத்து நிமிடம் நிற்பது எளிதன்று. ஆகவே அவள் விழிக்கும் நேரம் பிடிபட்டதும் சற்று முன்னதாகவே கலக்கத் தொடங்கினேன். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்ததில்லை. வாய் வைத்துக் குடித்து மீந்ததை ஒருபோதும் எடுத்து வைத்ததில்லை, 20 மில்லிலிட்டர் குடித்திருந்தாலும் சரி.

புட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. காற்று உள்ளே போகாமல் தடுக்கும் குழாய்கள் கொண்ட புட்டி ஒன்று வாங்கினோம். ஏப்பமும் அழுகையும் அதில் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை, கழுவுவதற்கு மட்டும் ஐந்து பாகங்கள் இருந்தன. இரண்டே பாகங்கள் உள்ள சாதாரணப் புட்டிதான் கடைசி வரை உழைத்தது. ரப்பரின் துளை அளவு அதைவிட முக்கியம். கவிழ்த்தால் பால் ஒழுக்காக வராமல் சொட்டுச் சொட்டாக வர வேண்டும். வயதைப் பார்த்து வேகமான ரப்பருக்கு மாற்றியபோது அவளுக்குப் புரையேறியது; பழையதற்கே திரும்பினோம்.

இனி, எனக்கு மிகுந்த வேதனை தந்த பகுதி. நான்காம் மாதத்தில் அவள் எடை 6 கிலோ. நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 150 மில்லிலிட்டர் என்பது பொதுவான கணக்கு; டப்பாவின் அட்டவணையும் 180 மில்லிலிட்டர் வீதம் ஐந்து வேளை, அதாவது 900 என்றது. அவள் 700-ஐத் தாண்டியதே இல்லை. ஒவ்வொரு வேளையும் புட்டியில் மீந்த 40 மில்லிலிட்டரை நான் தோல்வியாகப் பார்த்தேன். அவள் தலையைத் திருப்பினால் நான் புட்டியைத் திருப்பினேன். உதட்டை மூடினால் ரப்பரால் தட்டித் திறக்க வைத்தேன். அரைத் தூக்கத்தில் குடிப்பாள் என்பதால் தூக்கத்திலும் கொடுத்தேன். மூன்று வாரங்களில் புட்டியைக் கண்டாலே உடலை வில்லாக வளைத்து அழத் தொடங்கினாள். குடித்ததில் பாதியைக் கக்கினாள்.

அந்த நாட்களில் எங்களுடன் இருந்த என் அம்மா ஒருநாள் புட்டியை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். "வாயை மூடிக்கிட்டா விட்டுடும்மா. பசிச்சா அவளே கேப்பா" என்றார். மருத்துவர் அதையே வளர்ச்சி வரைகோட்டைக் காட்டி விளக்கினார். ஒரு வேளையின் அளவையோ ஒரு நாளின் அளவையோ பார்க்காமல், எடை தன் கோட்டை ஒட்டி ஏறுகிறதா, நாளுக்கு ஆறு டயப்பராவது நன்றாக நனைகிறதா, விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இருக்கிறாளா என்று பார்க்கச் சொன்னார். மூன்றுமே சரியாக இருந்தன. கலப்பதில் நான் காட்ட வேண்டிய கண்டிப்பை, அவள் குடிப்பதில் காட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. செறிவை முடிவு செய்வது என் வேலை. எங்கே நிறுத்துவது என்பதை அவள் முடிவு செய்ய வேண்டும். அவளைச் சற்று நிமிர்த்தி உட்காரவைத்து, புட்டியைக் கிடைமட்டமாகப் பிடித்து, நடுநடுவே இடைவெளி விட்டுக் கொடுக்கத் தொடங்கினேன். அழுகை அடங்கப் பத்து நாட்கள் ஆயின. சராசரி 720 மில்லிலிட்டரிலேயே நின்றது. எடை தன் கோட்டிலேயே ஏறியது.

தானியக் கூழைப் பற்றிய முதல் யோசனை உறவினர் ஒருவரிடமிருந்து நாலரை மாதத்தில் வந்தது: இரவுப் பாலில் ஒரு கரண்டி தானியப் பொடியைக் கலந்தால் விடியும் வரை தூங்குவாள் என்றார். மூன்று இரவுகள் அப்படிச் செய்தேன். தூக்கம் நீளவில்லை, மலச்சிக்கல்தான் வந்தது. கெட்டியான பால் புரையேறும் அபாயத்தைக் கூட்டும் என்பதையும், வயிறு நிறைந்ததைக் குழந்தை உணருமுன்பே கூடுதல் கலோரி உள்ளே போய்விடும் என்பதையும் மருத்துவர் சொல்லக் கேட்டு நிறுத்தினேன்.

ஆறு மாதம் நெருங்கியபோது அடையாளங்கள் தாமாகவே தெரிந்தன. தலை நிலையாக நின்றது, சாய்மானத்துடன் உட்கார்ந்தாள், நாங்கள் உண்ணும்போது கையை நீட்டினாள், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் அனிச்சைச் செயலும் மறைந்திருந்தது. பிறக்கும்போது உடலில் இருக்கும் இரும்புச்சத்தின் சேமிப்பு நான்கு முதல் ஆறு மாதங்களில் குறைந்துவிடுவதால், இரும்புச்சத்து சேர்த்த தானியப் பொடியில் தொடங்கினோம். 7 முதல் 12 மாதம் வரை நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் என்பது அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் அளவு. அந்தச் சிறிய வயிற்றுக்கு அது பெரிய அளவுதான். அவள் குடிக்கும் அதே பாலில் கூழைக் கரைத்தது நல்ல முடிவு. பழகிய சுவை என்பதால் முகம் சுளிக்கவில்லை. முதல் வாரம் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போகவில்லை.

அரிசிப் பொடியை மட்டுமே தொடர்ந்து கொடுக்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. நெற்பயிர் மண்ணிலும் நீரிலும் உள்ள ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருளை மற்றத் தானியங்களைவிட அதிகம் உறிஞ்சுவதால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-இல் குழந்தைகளுக்கான அரிசித் தானியப் பொடிக்குக் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் கனிம ஆர்செனிக் என்ற வரம்பை அறிவித்தது. நாங்கள் ஓட்ஸ், பார்லி, பல தானியக் கலவை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தோம். மலச்சிக்கலும் ஓட்ஸில் குறைவாக இருந்தது.

பழச்சாறு வாங்கியதற்காக வருந்துகிறேன். ஏழாம் மாதத்தில், மருத்துவரைக் கேட்காமல், ஆப்பிள் சாற்றில் பாதி தண்ணீர் கலந்து புட்டியில் கொடுத்தேன். இரண்டு வாரங்களில் அவள் பாலின் அளவு நாளுக்கு 150 மில்லிலிட்டர் வரை குறைந்தது, தண்ணீரைத் துப்பினாள், மலம் நீர்த்துப் போனது. ஆப்பிள் சாற்றில் உள்ள சார்பிட்டால் என்னும் இனிப்புப் பொருள் குடலில் முழுமையாக உறிஞ்சப்படாமல் நீரை இழுப்பதே அதற்குக் காரணம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2017-இல், ஒரு வயதுக்கு முன் பழச்சாறு வேண்டாம் என்றும், ஒன்று முதல் மூன்று வயது வரை நாளுக்கு 120 மில்லிலிட்டருக்குள் இருக்கட்டும் என்றும் வழிகாட்டியது. அதை நான் படித்தது, டப்பாவின் பாதி தீர்ந்தபின். அதே பழத்தை வேகவைத்து மசித்துக் கொடுத்தால் நார்ச்சத்தும் சேர்ந்து கிடைக்கிறது, குழந்தையும் மெல்லக் கற்றுக்கொள்கிறது. இனிப்பு நீரை மறக்கடிக்க எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

திட உணவில் நான் மிகவும் பயந்தது தொண்டையில் சிக்குவதற்கு. எட்டாம் மாதத்தில் வெந்த கேரட் துண்டை வாயில் வைத்தவள் கண்ணில் நீர் வர ஓங்கரித்தபோது, நான் பதறி விரலை விட்டு எடுக்கப் போனேன். அது தவறு என்று பிறகு அறிந்தேன்: கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல் இன்னும் உள்ளே தள்ளிவிடும். ஓங்கரிப்பு சத்தத்தோடு வரும். அது குழந்தை தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. மூச்சுக்குழாய் அடைபட்டால் சத்தம் வராது, இருமலும் அழுகையும் எழாது, உதடு நீலமாகும். அப்போது முதுகில் தட்டும் முதலுதவி உடனே தேவை. அந்த முதலுதவியை நானும் என் கணவரும் ஒரு பயிற்சியில் நேரில் கற்றுக்கொண்டோம். அதன்பின்தான் என் கை நடுக்கம் நின்றது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டித் தருவோம். முழுக் கொட்டைகளை இன்றுவரை தந்ததில்லை.

ஒவ்வாமைக்குப் பயந்து முட்டையையும் வேர்க்கடலையையும் தள்ளிப்போடவில்லை. 2015-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், ஒவ்வாமை அபாயம் மிகுந்த 640 குழந்தைகளில், 4 முதல் 11 மாதத்துக்குள் வேர்க்கடலை உணவை உண்ணத் தொடங்கியவர்களுக்கு ஐந்து வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை 80 சதவீதத்துக்கும் மேல் குறைவாக இருந்தது. கடுமையான தோல் அழற்சி உள்ள குழந்தைக்கு மருத்துவரின் மேற்பார்வையில்தான் இதைத் தொடங்க வேண்டும். என் மகளுக்கு அது இல்லாததால், மழமழப்பாக அரைத்த வேர்க்கடலை விழுதைக் கூழில் நன்றாகக் கரைத்து, பகல் வேளையில், கால் கரண்டியில் தொடங்கினேன். தேனை ஒரு வயது வரை தொடவே இல்லை. அதில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்னும் நோயைத் தரும் பாக்டீரியாவின் நுண்வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். உப்பும் சர்க்கரையும் சேர்க்கவில்லை.

பூசணி மசியலை அவள் ஒன்பது முறை துப்பினாள். புட்டிக் காலத்து அனுபவம் இல்லாதிருந்தால் நான் மூன்றாம் முறையே வற்புறுத்தியிருப்பேன், அல்லது கைவிட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி வைத்தேன், துப்பியதும் எடுத்துவிட்டேன். பத்தாம் முறை விழுங்கினாள். 11-ஆம் முறை கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

ஒரு வயது முடிந்ததும் பால்பவுடரிலிருந்து பசும்பாலுக்கு மாறினோம். அதற்கு முன் பசும்பாலை முதன்மைப் பானமாகக் கொடுக்கவில்லை. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு, புரதமும் தாதுக்களும் குழந்தையின் சிறுநீரகத்துக்கு அதிகம். ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென விற்கப்படும் பொடியை வாங்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 12 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை. பல் சொத்தைக்கு இடம் தரக் கூடாது என்று படுக்கைப் புட்டியை முதலில் நிறுத்தினோம். பகல் புட்டிகள் ஒவ்வொன்றாகக் கோப்பைக்கு மாறின.

இப்போது அவள் நாளில் மூன்று வேளை உணவும் இரண்டு வேளை சிற்றுணவும் உண்கிறாள். நேற்று மதியம் பாதிக் கிண்ணத்தில் உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். நான் கரண்டியைக் கீழே வைத்து, அவள் கையைத் துடைத்து, நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டேன்.