டீபிளேன்: அம்மா கேட்ட கேள்வியும் எடிமான்லைன் அகராதியும்

போன மாதம் அம்மாவுக்கு முதல் விமானப் பயணம், சென்னையிலிருந்து மதுரைக்கு. விமானம் நின்றதும், முன்வரிசைக்காரர்கள் முதலில் ‘டீபிளேன்’ செய்யலாம் என்று அறிவித்தார்கள். அம்மா அவசரமாகக் கைப்பையைத் திறந்து கண்ணாடியைத் தேடினார். “டீபிளேன்னா என்னடா? ஏதாச்சும் ஃபாரம் எழுதணுமா?”

“இறங்கச் சொல்றாங்கம்மா.”

“அதுக்கு இறங்குங்கன்னு சொன்னா ஆகாதா?”

பெட்டிக்காகக் காத்து நின்ற நேரத்தில் செல்போனில் எடிமான்லைனைத் திறந்தேன். டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தொகுத்த ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி அது. இலவசம். மொழிபெயர்ப்பு வேலையில் நான் தினமும் திறப்பது.

டீபிளேன் எழுத்தில் வந்தது 1923-இல் என்கிறது. ‘டீ’ என்பது விலகுவதைக் காட்டும் லத்தீன் முன்னொட்டு. ‘பிளேன்’, ஏரோபிளேன் என்ற சொல்லின் பின்பாதி. அதோடு விட மனம் வரவில்லை. ரயிலை விட்டு இறங்குவதற்கு ‘டீட்ரெயின்’ என்று தேடினால் 1881. கப்பலுக்கான ‘டிஸ்எம்பார்க்’ 1580-களிலேயே இருக்கிறது. அதற்குள் ‘பார்க்’ என்ற மரக்கலம் ஒளிந்திருக்கிறது. புது வண்டி வந்தபோது பழைய அச்சிலேயே புதுச் சொல்லை வார்த்திருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குள் போனவனைப் பக்கத்துச் சொல்லுக்கு இப்படிக் கைபிடித்துக் கூட்டிப்போவதுதான் இந்த அகராதியிடம் எனக்குப் பிடித்தது.

நமக்கு மாட்டுவண்டியோ கப்பலோ விமானமோ, ஏறுவதும் இறங்குவதும்தான். ஆனால் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். ‘பயணி டீபிளேன் செய்யப்பட்டார்’ என்று செய்திகளில் வரும். தானாக எழுந்து போனாலும் பிடித்து வெளியே அனுப்பினாலும் ஆங்கிலத்தில் அதே வினைதான். தமிழில் முன்னது இறங்கு, பின்னது இறக்கு. ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். அவசரத்தில் ஒருமுறை ‘இறங்கினார்’ என்று எழுதிவிட்டேன். உண்மையில் அவரை இறக்கிவிட்டிருந்தார்கள். அச்சுக்குப் போகுமுன் ஆசிரியர் பார்த்துத் திருத்தினார். அன்றிலிருந்து இந்தச் சொல் வந்தாலே நின்று, யார் செய்த செயல் என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எடிமான்லைனில் கட்டுமரம் போல ஆங்கிலத்துக்குக் குடிபோன தமிழ்ச் சொற்கள் சிலதான் கிடைக்கும். மற்றவற்றுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியைப் புரட்டுங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.