பேக்ஸ்பேஸ் கீக்கு 7,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள், நீங்களும் ஏமாறாதீர்கள்

பழைய யுனிக்ஸ் சர்வரில் இன்னும் பில் போட்டுக்கொண்டிருக்கும் கடைக்காரர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். ஆன்லைனிலேயே சர்வீஸ் செய்து தருகிறோம் என்று வந்தவர் எங்களிடம் இரண்டு தடவையாக 7,000 ரூபாய் வாங்கினார், அப்புறம் 48,000-க்கு ஒரு கொட்டேஷனும் அனுப்பினார். மாற்ற வேண்டியிருந்தது புட்டியில் (PuTTY, விண்டோஸ் கணினியிலிருந்து சர்வருக்குள் போக உதவும் மென்பொருள்) இரண்டே இரண்டு செட்டிங்.

எங்களுடையது ஈரோட்டில் ஜவுளி மொத்தக் கடை. ஸ்டாக், பில் எல்லாம் எஸ்சிஓ (SCO) ஓப்பன்சர்வர் 5 என்ற யுனிக்ஸில் ஓடும் பழைய கறுப்புத் திரை புரோகிராமில்தான், மேசையில் இருக்கும் விண்டோஸ் கணினியிலிருந்து புட்டி வழியாக உள்ளே போவோம். போன மாதம் பில் போடும் கணினி பழுதாகிப் புதிது வாங்கினோம். புட்டியை இறக்கி, சர்வரின் ஐபி எண்ணைப் போட்டதும் லாகின் ஆகிவிட்டது. ஆனால் மீட்டர் கணக்கில் ஒரு எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டு பேக்ஸ்பேஸ் அடித்தால், எண் அழியவில்லை, புரோகிராமே நின்று வெளியே வந்துவிடுகிறது. பாதி போட்ட பில் போச்சு. பில்லைச் சேமிக்கும் எஃப்2-வும் வேலை செய்யவில்லை. வெளியூர் வியாபாரிகள் லாரியை நிறுத்திக்கொண்டு காத்திருக்க, பில் போடும் அக்கா கண்கலங்கிவிட்டார்.

அந்த அவசரத்தில்தான் தெரிந்தவர் மூலம் கிடைத்த ஒரு சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டேன். திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஒரு மென்பொருளைப் போடச் சொன்னார், சர்வரில் எதையும் மாற்ற அனுமதிக்கும் ரூட் பாஸ்வேர்டு கேட்டார், கொடுத்தேன். அது என் தவறு. பத்து நிமிடம் ஏதோ செய்தார், பேக்ஸ்பேஸ் அழிக்க ஆரம்பித்தது. "எஃப்2-க்கு சர்வரில் கீபோர்டு டிரைவர் மாத்தணும் சார், அது தனி வேலை" என்று சொல்லி 3,500 வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை லாகின் செய்தால் பழைய கதை. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி 3,500. மூன்றாம் நாளும் அதே மாதிரி ஆனபோது "டேட்டாபேஸ் கரப்ட் ஆகிக்கிட்டு இருக்கு, புது சர்வருக்கு மாறலேன்னா மொத்த ஸ்டாக்கும் போயிடும்" என்று பயமுறுத்தி 48,000 கேட்டார்.

நல்லவேளையாக அவர் இரண்டாம் தடவை வேலை செய்தபோது திரையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். இந்த புரோகிராமை அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்த சாருக்கு அதை அனுப்பினேன். ஓய்வில் இருக்கிறார், உடனே போன் செய்தார். "தம்பி, இவர் ஒரே ஒரு வரிதான் அடிச்சிருக்காரு. எஸ்டிடிஒய் (stty) கட்டளை, எந்தக் கீ என்ன செய்யணும்னு சர்வருக்குச் சொல்றது. லாகின்லேர்ந்து வெளிய வந்தா அது போயிடும்."

அவர் விளக்கியது இதுதான். பேக்ஸ்பேஸ் அடித்தால் சர்வருக்கு ஓர் எண் போகிறது. சில டெர்மினல்கள் (புட்டி மாதிரி சர்வரோடு பேசும் திரைகள்) 8 அனுப்பும், அதாவது கன்ட்ரோல்-ஹெச், சில 127 அனுப்பும். புதிதாகப் போட்ட புட்டி அனுப்புவது 127. எஸ்சிஓவில் அழிப்பதற்கு 8 வர வேண்டும், 127 வந்தால் ஓடும் வேலையை நிறுத்து என்று அர்த்தம். அதனால்தான் புரோகிராம் வெளியே வந்தது, டேட்டாபேஸுக்கு ஒன்றுமே ஆகவில்லை. எஃப்2-வும் இப்படித்தான்: புட்டி வழக்கமாக எஸ்கேப் [12~ என்ற குறியீட்டை அனுப்புகிறது, எஸ்சிஓ எதிர்பார்ப்பது எஸ்கேப் [N. மாற்ற வேண்டிய டிரைவர் என்று சர்வரில் எதுவும் இல்லை. பழைய கணினியில் இதெல்லாம் சரியாக வைத்துச் சேமித்த செஷன் (ஒரு சர்வருக்கான செட்டிங் தொகுப்பு) இருந்திருக்கிறது, புட்டி அதை விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் வைப்பதால் கணினியோடு சேர்ந்து போய்விட்டது.

போனிலேயே சொல்லச் சொல்ல நானே செய்தேன். புட்டியைத் திறந்து, செஷன் பெயரைத் தேர்ந்தெடுத்து லோட் கொடுக்க வேண்டும். இடப்பக்கம் டெர்மினல், அதற்குள் கீபோர்டு. பேக்ஸ்பேஸுக்குக் கன்ட்ரோல்-ஹெச், ஃபங்ஷன் கீகளுக்கு எஸ்சிஓ. பிறகு மறக்காமல் மேலே செஷனுக்குத் திரும்பி வந்து சேவ் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அடுத்த தடவை திறக்கும்போது பழையபடி ஆகிவிடும். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சார் ஒரு பைசா வாங்கவில்லை.

லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்யாதீர்கள், அங்கே பெரும்பாலும் 127-தான் சரி. எஸ்டிடிஒய் -ஏ (stty -a) என்று அடித்தால் இரேஸ் (erase) என்ற இடத்தில் பேக்ஸ்பேஸுக்கு சர்வர் எதை எதிர்பார்க்கிறது என்று காட்டும். கேட் -வி (cat -v) என்று அடித்துவிட்டு ஃபங்ஷன் கீயையும் என்டரையும் தட்டினால் அந்தக் கீக்கு உங்கள் கணினி என்ன அனுப்புகிறது என்று தெரியும். சர்வர் எதிர்பார்ப்பதும் கணினி அனுப்புவதும் பொருந்தவில்லை என்றால் சிக்கல் அவ்வளவுதான். லினக்ஸில் எஃப்1 முதல் எஃப்4 வரை மட்டும் தகராறு செய்தால் அதே கீபோர்டு பக்கத்தில் ஃபங்ஷன் கீகளுக்கு எக்ஸ்டெர்ம் ஆர்6 (Xterm R6) வைத்துப் பாருங்கள்.

யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால், என்ன கட்டளை அடித்தார் என்று எழுதி வாங்குங்கள், வெளியே வந்து மறுபடி லாகின் செய்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கீ வேலை செய்யவில்லை என்பதற்கு ரூட் பாஸ்வேர்டு தேவையே இல்லை. எங்கள் கணினியில் அவர் போட்ட மென்பொருள், நாங்கள் அனுமதிக்காமலே எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரும்படி வைக்கப்பட்டிருந்தது. சார் சொன்ன பிறகுதான் பார்த்தேன், உடனே எடுத்துவிட்டு எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன். செஷன் செட்டிங்கையும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து எடுத்து பென்டிரைவில் வைத்தாயிற்று.

இரண்டாம் தடவை கொடுத்த 3,500-ஐயாவது திருப்பித் தரச் சொல்லி அந்த சர்வீஸ் ஆளுக்குப் படத்தோடு செய்தி அனுப்பி ஒன்பது நாளாகிறது. பார்த்துவிட்டார், பதில் இல்லை. வந்தால் இதன் கீழேயே எழுதுகிறேன்.