பாதி விலைக்கு வந்திருக்கும் மூச்சுப் பயிற்சிச் செயலி: நீண்ட நாள் பாவித்தவள் சொல்வது

அந்த மூச்சுப் பயிற்சிச் செயலியின் ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஆசிரியர் அறையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, நீங்கள் அதைத்தானே வைத்திருக்கிறீர்கள், வாங்கலாமா?" என்று கேட்டார் இளைய ஆசிரியை ஒருவர். வாங்கலாம் என்றும் வேண்டாம் என்றும் அடுத்தடுத்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே இடாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆகவே ஆற அமர எழுதுகிறேன்.

அதில் என்னென்ன உண்டு என்பது தெரிந்ததுதான். மூச்சு, தசைத் தளர்வு, நித்திரைக்கு முன் கேட்பது, காலையில் எழுந்ததும் செய்வது என எல்லாச் செயலிகளிலும் இருப்பவையே இதிலும் இருக்கின்றன. தமிழ்க் குரல் இருக்கிறது. நல்ல குரல், ஆறுதல் சொல்கிறேன் என்று குழையாத குரல். அதை உருவாக்கியவருக்கு என் நன்றி. நான் சொல்லவந்தது அந்தக் குரலுக்குப் பின்னால் ஓடும் கடலைப் பற்றி.

எந்தப் பயிற்சியைத் திறந்தாலும் பின்னணியில் அலை ஓசை. குரலையும் கடலையும் ஒரே பதிவாகச் சேர்த்துவிட்டார்கள்; ஒன்றை மட்டும் அணைக்க வழியில்லை. முதல் வாக்கியமே "உங்கள் மனத்தை ஓர் அமைதியான கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்பதுதான். என் வீடு திருகோணமலையில், டச்சுக் குடாவுக்குப் பக்கத்தில். மனத்தை எங்கும் அழைத்துச் செல்லத் தேவையில்லை, படலையைத் திறந்தால் போதும்.

கடலோடு எனக்குப் பிணக்கு எதுவும் கிடையாது. கொழும்பில் மகள் வீட்டில் தங்கும் நாட்களில் அதன் இரைச்சல் கேட்காமல் நித்திரை கொள்ளாமல் கிடப்பேன். வாடைக் காலத்தில் அது கொந்தளிப்பதும், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் குடா அடங்கிக் கிடப்பதும் பழகிப்போனவை. செயலிக்குள் இருக்கும் கடல் இந்த இரண்டிலும் சேராது. அது மெல்ல வருகிறது. பிறகு நீளமாக, மிக நீளமாகப் பின்வாங்குகிறது. கூழாங்கற்கள் உருண்டு செல்லும் ஓசை தேய்ந்துகொண்டே போய் நின்றுவிடும். ஒரு கணம் ஒன்றுமே இருக்காது. அதன் பிறகு திரும்பி வரும். கடல் பின்வாங்குவதைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கண்டது ஒரே ஒரு காலையில்: 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா என்னும் பௌர்ணமி விடுமுறை.

ஓரிரவு ஹெட்போன் மின்னேற்றியில் கிடந்ததால் செயலியை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு கூடத்தில் படுத்திருந்தேன். உள்ளறையில் அம்மா. அவருக்கு எண்பதை நெருங்குகிறது, காதும் மந்தம். சாப்பிடக் கூப்பிட்டால் அருகில் போய்த்தான் சொல்ல வேண்டும். அந்தப் பின்வாங்கும் ஓசை மட்டும் எப்படியோ கேட்டிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவர் விளக்கைப் போடவில்லை. குனிந்து உள்ளங்கையால் சிமெந்துத் தரையைத் தடவினார். ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குச் சற்றுத் தாமதித்துத்தான் விளங்கியது. மறு கையில் மருந்துப் பையும் அடையாள அட்டையும் ஏற்கெனவே இருந்தன. "பிள்ளை, தண்ணீர் எவ்வளவு தூரம் வந்துவிட்டது?" என்று கேட்டார். பதற்றமே இல்லாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கும் தொனியில் கேட்டார். கைத்தொலைபேசியில் அந்த நல்ல குரல் சொல்லிக்கொண்டிருந்தது: "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்."

மறுநாளே செயலிக்காரர்களுக்கு எழுதினேன். பதில் பண்பாகத்தான் வந்தது. மூச்சுப் பயிற்சிகளில் ஓசையை மாற்ற இயலாதாம். நித்திரைப் பகுதியில் மாற்று ஓசைகள் இருக்கின்றன, விருப்பமானதைத் தெரிவு செய்யுங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தேன். மரங்களில் மோதும் பலத்த காற்று, சடசடத்து எரியும் விறகு, கடல். 1964 புயல், 1983 ஜூலைக் கலவரத் தீ, 2004 ஆழிப்பேரலை. திருகோணமலையின் வரலாற்றை யாரோ நித்திரை கொள்வதற்கென்று வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர்கள்மேல் குற்றமில்லை. கடல் என்றால் விடுமுறை என்று மட்டும் அறிந்த ஊர்கள் உலகில் நிறைய உண்டு, அங்கிருப்பவர்களுக்காகச் செய்தார்கள். ஆனாலும் ஓர் ஒலியை அணைக்க ஒரு பொத்தான் வைக்க என்ன செலவாகிவிடும்?

தளர்வுப் பயிற்சியே சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டுவது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஹைடி, போர்கோவெக் என்ற இரு ஆய்வாளர்கள் 1983இலேயே அதைப் பற்றி எழுதிவிட்டார்கள். நாள் முழுவதும் விழிப்பாகவே இருந்து பழகிய உடலிடம் "இறுக்கத்தை விடு" என்றால், காவலை விடச் சொல்கிறார்கள் என்று அது மிரள்கிறது. கண்ணை மூடுவது, ஆழமாக மூச்சு இழுப்பது, நினைவில் ஓர் இடத்துக்குப் போவது எல்லாமே அப்படி மிரட்டக்கூடியவை. கண்ணைத் திறந்துகொண்டு செய்யலாம், பாதி மூச்சோடு நிறுத்தலாம், இடத்தை நீங்களே தேர்ந்துகொள்ளலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

சினம் தணிந்த பிறகு அந்த ஓசையைக் கடிகாரத்தோடு வைத்துக் கேட்டேன். அது ஏன் அப்படி ஒலிக்கிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது. விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் பிடி கூடி அது நிதானிக்கிறது. விடும் மூச்சை நீட்டினால் நிதானிக்கும் நேரமும் நீள்கிறது. நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஓடும் மூச்சை ஆறளவுக்கு இறக்கும்போது, இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் உடலின் அனிச்சைச் செயலும் மூச்சும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. அதனால்தான் நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடச் சொல்கிறார்கள். அலையையும் அதே கணக்குக்கு வெட்டியிருக்கிறார்கள்: நான்கு நொடி வருகிறது, ஆறு நொடி பின்வாங்குகிறது. எனக்குச் சுகம் தருவதும் அம்மாவை எழுப்பியதும் அதே ஆறு நொடிதான். இதை வைத்துக்கொண்டு நான் எப்படி ஒரு முடிவு சொல்வது?

சுகம் தருகிறது என்பதை மறைக்க மாட்டேன். தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும்போது என் பற்கள் இறுகியிருப்பதையே இந்தப் பயிற்சிக்குப் பிறகுதான் கவனித்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும், தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கும். இரண்டு நிமிடம் நான்குக்கு ஆறு என்று மூச்சு விட்டால் முதலில் இறங்குவது தோள். அடுத்து வாயில் உமிழ்நீர் ஊறும். உடல் காவலை விட்டுவிட்டது என்பதற்கு எனக்கு அதுதான் அடையாளம். செயலி காட்டும் பச்சை வட்டம் கிடக்கட்டும். பெற்றார் சந்திப்பில் ஒருவர் மேசையைத் தட்டிப் பேசியபோதும், மேசைக்குக் கீழே மடியில் கையை வைத்து இதைத்தான் செய்தேன். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார்.

இன்னொரு பயிற்சி அதைவிடவும் விரைவாக வேலை செய்கிறது. மூக்கால் இழுத்து, அதன்மேல் இன்னும் கொஞ்சம் இழுத்து, வாயால் நீளமாக விடுவது. வேறொன்றுமில்லை, பெருமூச்சுதான். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் நாளுக்கு ஐந்து நிமிடம் இப்படிப் பெருமூச்சு விட்டவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களுடையதைவிடக் கூடுதலாகத் தெளிந்திருந்தது. சின்ன வயதில் பெருமூச்சு விட்டால் "வீட்டுக்கு ஆகாது" என்று அம்மம்மாவிடம் ஏச்சு வாங்கிய எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

மற்றவற்றில் தசைத் தளர்வு தேறும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929இல் நூலாகவே எழுதிய முறை அது. ஒவ்வொரு தசையாக இறுக்கி, பிறகு விடுவது. கச்சான் காற்று அடிக்கும் மதியத்தில் வெறும் சிமெந்துத் தரையில் படுத்துச் செய்ய வேண்டும். கையைப் பொத்தித் திறக்கும்போது என் வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் கடைசிவரை திறக்க மறுக்கும். வெண்கட்டி பிடித்தே வளைந்துபோன விரல்கள். அவை தாமாக அவிழும்வரை காத்திருப்பதே பாதிப் பயிற்சி. நான்கு எண்ணி இழுத்து, ஏழு எண்ணிப் பிடித்துவைத்து, எட்டு எண்ணி விடும் 4-7-8 எனக்கு ஒத்துவரவில்லை. ஏழு எண்ணி முடிப்பதற்குள் மூச்சு முட்டியது. "குளிர்ந்த நீரால் முகத்தை நனையுங்கள்" என்பதையும் பார்த்துவிட்டேன். முகத்தில் குளிர் பட்டால் இதயம் நிதானிப்பது உண்மை. ஆனால் ஆனி ஆடியில் எங்கள் கூரைத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீரைக் கன்னியா வெந்நீர் ஊற்றிலிருந்து வருகிறது என்று சொன்னாலும் நம்புவார்கள்.

ஓசைக்கு நான் கண்ட வழி, ஒலியை முற்றாக அணைத்துவிட்டு அதிர்வை மட்டும் வைத்துக்கொள்வது. இழுக்கும்போது குறுந்துடிப்புகள், விடும்போது ஒரே நீண்ட அதிர்வு. இதைச் செய்தவருக்குக் கைகொடுக்க வேண்டும். இருட்டில், கூட்டத்தில், பஸ்ஸில் யாருக்கும் தெரியாமல் உள்ளங்கை சொல்லிக்கொடுக்கிறது. அந்த நல்ல குரலை இழப்பதுதான் இதற்கு விலை. கொஞ்ச நாளில் அதிர்வு நின்றுபோனது. கடைத்தெருவில் பழுதுபார்க்கும் தம்பி பின்மூடியைக் கழற்றி, பயற்றம் விதையளவு மோட்டாரைக் குறட்டால் பிடித்துக் காட்டினார். "இது அழைப்பு வந்தால் மட்டும் ஆடுவதற்கு வைத்தது அக்கா. நீங்கள் நாள் முழுக்க ஆட்டியிருக்கிறீர்கள்." புது மோட்டார் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றார்.

கைத்தொலைபேசி கடையில் கிடந்த நாட்களில் வேறு வழியில்லை. காலை வணக்கத்தில் பிள்ளைகளோடு பாடும் தேவாரத்தின் ஓர் அடி, வாய்க்குள் மெல்ல ஓட்டினால், ஏறக்குறைய ஆறு நொடி எடுக்கிறது. அதை விடும் மூச்சில் ஏற்றினேன். அடுத்த மேசை முஸ்லிம் ஆசிரியைக்கு இது சிரிப்பாக இருந்தது. தொழுகைக்குப் பிறகு தஸ்பீஹ் மணியை உருட்டுவதில் தனக்கு இது தானாகவே நடக்கிறது என்றார். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார்: இந்துவுக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிமுக்கு இறைவனை நினைந்து ஓதும் திக்ர், பௌத்தருக்குச் சரணம் என்று அவரவர் வாய்க்குப் பழகியதையே தளர்வுப் பயிற்சியாகக் கொடுப்பது. ஆள்தோறும் ஓசையை மாற்றிக்கொடுக்க அவருக்குச் செயலி தேவைப்படவில்லை.

அப்படியானால் எதற்குச் சந்தா என்று கேட்பீர்கள். போன கிழமை புதுப்பித்துவிட்டேன். தேவாரம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மிகவும் களைத்த இரவுகளில் எண்ணுவதற்கும் யாராவது வேண்டியிருக்கிறது. அந்தக் குரல் எனக்காக எண்ணுகிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடலையும் சகித்துக்கொண்டு கேட்கிறேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். தவணை விடுமுறையில் கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கிழமைக்கணக்காக நித்திரை இல்லை, பகலிலும் அந்தக் காட்சிகள் வந்து போகின்றன என்றால் இதை வாங்கிக் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல உதவி எண் 1926. அரச மருத்துவமனையில் காட்டவும் காசு இல்லை.

கேட்ட இளைய ஆசிரியை வாங்கலாம். ஆழிப்பேரலை வந்த அந்தக் காலையில் அவர் கைக்குழந்தை. அலை ஓசையைக் கேட்கக் கொடுத்தபோது "நன்றாகத்தானே இருக்கிறது அக்கா" என்றார். கடற்கரையில் வயதானவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் வேண்டாம். கடலுக்குத் தூரத்தில், கந்தளாய்ப் பக்கம் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம் என்று எழுத வாயெடுத்தேன். 1986 ஏப்ரலில் அங்கே குளக்கட்டு உடைந்தது நினைவுக்கு வருகிறது. அவர்களும் முதலில் இலவசப் பயிற்சியை வீட்டில் உள்ளவர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டு முடிவெடுக்கட்டும். வாங்குபவர்கள் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே அணைத்துவிடுங்கள். பாதி விலை முதல் ஆண்டுக்கு மட்டும்தான். அந்தப் பொத்தானை அமைப்புகளில் கணக்கு என்ற பகுதிக்குள், எல்லாவற்றுக்கும் அடியில், சாம்பல் நிறத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.