மொரீஷியசில் ஒருநாள் பாய்மரப் பயணம்: வடக்கா, கிழக்கா, மேற்கா?

நண்பர்கள் கூட்டமாக மொரீஷியசுக்குப் போகிறவர்கள் ஒருநாளாவது கேட்டமரானில், அதாவது இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகில், ஏறாமல் திரும்புவது அபூர்வம். ஏற வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. எந்தக் கரையிலிருந்து ஏறுவது என்பதில்தான் கூட்டம் பிரியும். எங்கள் கூட்டத்திலும் அதே கதைதான். கிழக்கு என்று ஒரு கட்சி, மேற்கு என்று ஒரு கட்சி. கடைசியில் வடக்கே போனோம். இன்று யாராவது கேட்டாலும் வடக்கு என்றுதான் சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மூன்று வழிகளும் எவை என்று பார்த்துவிடலாம். வடக்கு என்றால் கிராண்ட் பே வளைகுடாவில் கிளம்பி, குவான் தெ மீர் தீவை ஒட்டிச் சென்று, தட்டைத் தீவுக்கும் கேப்ரியல் தீவுக்கும் போவது. கிழக்கு என்றால் பவளத் திட்டுக்கு உள்ளே அடங்கிய அமைதியான நீரில், அதாவது லகூனில், ஈல் ஓ செர்ஃப் தீவுக்குப் போவது. மேற்கு என்றால் காலையில் டால்பின், பிறகு பெனித்தியே தீவு, பின்னணியில் லெ மோர்ன் மலை.

விலையையும் சாப்பாட்டையும் வைத்து முடிவு செய்யப் பார்க்காதீர்கள். ஏறக்குறைய எல்லாப் படகுகளிலும் ஒரே ஏற்பாடுதான்: படகிலேயே சுட்ட மீன், கோழி, சாலட், குடிக்க ஏதாவது, நீருக்கடியில் பார்க்க முகமூடியும் சுவாசக் குழாயும். சைவர்கள் மட்டும் முன்பதிவின்போதே தனியாகச் சொல்லிவிட வேண்டும். படகில் ஏறிய பிறகு கேட்டால் ரொட்டியும் சாலடும்தான் கிடைக்கும்.

கிழக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது அதைத்தான். ஈல் ஓ செர்ஃப் அழகான இடம், சந்தேகமே இல்லை. வெளிர்நீலத் தண்ணீர், இடுப்பளவு ஆழத்தில் வெகுதூரம் நடந்து போகலாம். உணவகங்கள், பாராசெயிலிங், கோல்ஃப் மைதானம் என்று எல்லாம் உண்டு. தென்கிழக்குப் பெரிய ஆற்றின் முகத்துவாரத்தில் ஓர் அருவியும் இருக்கிறது. அங்கே விசைப்படகில் கூட்டிப்போவார்கள். சிறு குழந்தைகளோ முழங்கால் வலிக்காரர்களோ கூட வந்தால் கிழக்கே போவதுதான் சரி, இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் த்ரூ தோ தூஸ் கிராமத்திலிருந்து அந்தத் தீவு கைக்கெட்டும் தூரம். சாதாரணப் படகில் கால் மணி நேரத்தில் போய்ச் சேரலாம். ஆகவே பாய்மரப் பயணம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இன்னும் தெற்கே, மஹேபூர் பக்கத்திலிருந்து கிளம்புகிறார்கள். வழியெல்லாம் லகூனுக்குள், பவளத் திட்டுகளுக்கு நடுவே. திட்டுகளுக்கு இடையில் வளைந்து நெளிந்து போக வேண்டிய இடத்தில் எந்த மாலுமியும் எஞ்சினை நம்புவாரே தவிர பாயை நம்ப மாட்டார். எங்கள் கூட்டத்தில் குடும்பத்தோடு அங்கே போய்வந்த நண்பன் சொன்னதும் அதுவே: பாயை விரித்தார்கள், படம் எடுத்துக்கொண்டோம், எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மேற்கே நான் போனது விசைப்படகில், பாய்மரத்தில் அல்ல. அதனால் அந்தக் கரையைப் பற்றி நான் சொல்வதற்குப் பாதி எடை கொடுத்தால் போதும். லெ மோர்னைக் கடலிலிருந்து பார்ப்பதற்காகவே அந்தப் பக்கம் போகலாம். 556 மீட்டர் உயரம், கடலோரத்தில் தனித்து நிற்கும் பாறை மலை. தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் என்பதால் 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. டால்பின்கள்தான் எனக்கு நெருடலாக இருந்தன. தமரின் வளைகுடாவுக்கு விடியற்காலையில் ஓய்வெடுக்க வரும் கூட்டத்தைச் சுற்றி ஏகப்பட்ட படகுகள். ஒரு முதுகு தெரிந்ததும் அத்தனை எஞ்சின்களும் ஒரே நேரத்தில் உறுமும். டால்பின் மூழ்கிவிடும்; படகுகள் அடுத்த முதுகைத் தேடித் திரும்பும். பார்க்கப் பிடிக்கவில்லை.

இனி வடக்கு. இங்கே ஒரே ஒரு விஷயத்தைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்: காற்று.

மொரீஷியசில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அதற்கு வேகம் அதிகம். அந்தக் காற்று முதலில் மோதுவது கிழக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும். தீவின் நடுவே மேட்டுநிலம்; தென்மேற்கே மலைத்தொடர், அதில் உயர்ந்த சிகரம் 828 மீட்டர். ஆகையால் மேற்குக் கரை காற்று மறைவில் கிடக்கிறது. நீச்சலுக்கு அது நல்லது, பாய்க்கு நல்லதல்ல. மலை மறைவில் காற்று ஒருகணம் நின்றுபோகும், மறுகணம் எங்கிருந்தோ சுழன்று வரும். வடக்கு நிலம் தட்டையானது. மறிப்பதற்கு மலை இல்லை. மால்ரூ முனையைத் தாண்டினால் திறந்த கடல், காற்று சீராக வந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது திசை. பாய்மரக் கப்பல் என்றால் காற்று பின்னாலிருந்து தள்ள வேண்டும் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். பின்காற்றில் படகு போகும், ஆனால் இருபுறமும் உருளும், பாய் சோர்ந்து சோர்ந்து விழும். எதிர்காற்றில் நேராகப் போகவே முடியாது. இடதும் வலதுமாக வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும், ஒருநாள் பயணத்தில் அதற்கு நேரம் ஏது? படகு நன்றாக ஓடுவது காற்று விலாப்புறத்தில் படும்போது. கிராண்ட் பேயிலிருந்து கேப்ரியல் தீவு ஏறத்தாழ வடக்கு-வடகிழக்கில் இருக்கிறது. தென்கிழக்குக் காற்று போகும்போது வலது விலாவில் படும். திரும்பும்போது அதே காற்று இடது விலாவில். இரண்டு பயணத்துக்கும் ஒரே காற்று, இரண்டும் சாதகம். மூன்று வழிகளில் இந்த வசதி, தடையில்லாத ஆழ்நீரோடு சேர்ந்து கிடைப்பது இங்கே மட்டும்தான். பாய்மரப் பயணத்துக்கென்று பணம் கட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதை. தீவின் அழகெல்லாம் அதற்குப் பிறகு.

வளைகுடாவைத் தாண்டியதும் கேப்டன் படகை காற்றுக்கு நேர் எதிரே திருப்பினார். அப்படி நிறுத்தினால்தான் பாய் காற்றைப் பிடித்துக்கொள்ளாமல் மேலே ஏறும். மாலுமிப் பையன் ஒருவன் கயிற்றை வின்ச் உருளையில் சுற்றி, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தான். பாய் படபடவென்று அடித்துக்கொண்டு பாய்மரத்தில் அடி அடியாக ஏறியது. பேச்சுக்குரல் கேட்காத அளவுக்குச் சத்தம். உச்சியைத் தொட்டதும் படகு மெல்ல இடதுபக்கம் வளைந்தது. பாய் ஒரே மூச்சில் புடைத்து நின்றது, படபடப்பு அடங்கியது. பிறகு எஞ்சினை நிறுத்தினார்கள். இரண்டு உடல்களுக்கும் நடுவே தண்ணீர் கிழிபடும் ஓசை மட்டும். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், கட்டிய வலையில் படுத்திருந்த எங்கள்மேல் ஓர் அலை முழுசாக ஏறி இறங்கியது. கிழக்குக்காக வாதாடியவன்தான் முதலில் எழுந்து கத்தினான்: "டேய், எஞ்சின் இல்லாமலா இவ்வளவு வேகம்!" நானாக இருந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே முழுப் பணத்தையும் கொடுப்பேன்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. காற்று வேண்டும் என்றால் அலையும் கூடவே வரும். தட்டைத் தீவு மொரீஷியசின் வடமுனையிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; குவான் தெ மீரைக் கடந்த பிறகு அலையைத் தடுக்கப் பவளத் திட்டு எதுவும் கிடையாது. கேட்டமரான் ஒற்றை உடல் படகைப்போலச் சாய்ந்துகொண்டே ஓடாது. மேசைமேல் வைத்த தட்டு வைத்த இடத்தில் இருக்கும். ஆனால் பக்கவாட்டு அலை முதலில் ஓர் உடலைத் தூக்கும், உடனே அடுத்ததைத் தூக்கும். அந்த வெடுக்கென்ற ஆட்டம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எங்களில் இருவர் போகும்வழி முழுக்கப் பேசவே இல்லை. குமட்டல் வரும் என்று தெரிந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. அணியத்து வலை வேடிக்கையான இடம்தான், ஆனால் ஆட்டமும் அங்கேதான் அதிகம். நடுவிலோ பின்பக்கத்திலோ உட்கார்ந்து, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். அறைக்குள் போய்ப் படுக்காதீர்கள். காலையில் பூரி, வடை வேண்டாம். இரண்டு இட்லி அளவுக்கு ஏதாவது போதும்.

பார்க்கவும் வடக்கே நிறைய இருக்கிறது. குவான் தெ மீர் ஒருபுறம் சரிந்தும் மறுபுறம் செங்குத்தாகவும் கடலிலிருந்து எழுந்து நிற்கிறது. இயற்கைக் காப்பிடம் என்பதால் அங்கே இறங்க அனுமதி இல்லை. அதன் பாறை முகத்தில் வெள்ளை நிறத்தில், வால் மட்டும் கயிறுபோல் நீண்ட பறவைகள் வட்டமிடும்; ஏர் மொரீஷியஸ் சின்னத்தில் இருப்பது இந்தப் பறவைதான். 1810 நவம்பர் 29-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தீவைப் பிடிக்க வந்த ஆங்கிலேயப் படை கரையிறங்கியதும் இந்த வடக்குக் கரையில்தான். அந்தப் படையில் மெட்ராஸிலிருந்து வந்த சிப்பாய்களும் இருந்தார்கள்.

கேப்ரியல் தீவில் இறங்கும்போது இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவந்த கப்பல்களில் நோய் கண்டால், பயணிகளை ஊருக்குள் விடாமல் இந்தத் தீவுகளில்தான் இறக்கிவைத்தார்கள். 1856-ல் கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு கப்பல்களின் பயணிகளை கேப்ரியல் தீவில் விட்டபோது, போதிய கூரையும் கவனிப்பும் இல்லாமல் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியால்தான் இந்திய அரசு மொரீஷியசுக்கு ஆள் அனுப்புவதையே சில மாதங்கள் நிறுத்திவைத்தது. மதியச் சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் நம்மை இறக்கிவிடுவது அதே மணலில். படகில் வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. நான் எங்கள் கூட்டத்துக்குச் சொன்னேன். சிறிது நேரம் எல்லோரும் அமைதியாகத்தான் இருந்தோம்.

தீவில் கடைத்தெரு இல்லை, நிழலும் குறைவு. தொப்பி, முழுக்கைச் சட்டை, போதுமான தண்ணீர் கையில் இருக்கட்டும். பெரிய படகு ஆழத்தில் நங்கூரமிட்டு நின்றுகொள்ளும். சின்ன ரப்பர் படகில் கரைக்குக் கொண்டுவருவார்கள். அதில் ஏறி இறங்கக் காலில் கொஞ்சம் வலு வேண்டும். இரண்டு தீவுகளுக்கும் நடுவே உள்ள கால்வாயில் நீரோட்டம் பலமானது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் மாலுமிகள் காட்டும் இடத்தைவிட்டு விலகக் கூடாது.

பொதுப் படகா, தனிப் படகா என்ற கேள்வியும் வரும். ஆறேழு பேர் என்றால் பொதுப் படகே போதும். பத்துக்கு மேல் இருந்தால் தனிப் படகின் விலையைத் தலைக்கு வகுத்துப் பாருங்கள், வித்தியாசம் பயப்படும்படி இருக்காது. தனிப் படகில் இன்னொரு லாபம், "எஞ்சின் வேண்டாம், மெதுவாகப் போனாலும் பாயிலேயே போவோம்" என்று கேப்டனிடம் சொல்லலாம். பொதுப் படகில் நேரத்துக்குத் தீவைப் பிடிக்க வேண்டும். காற்று சற்று குறைந்தாலும் எஞ்சினைப் போட்டுவிடுவார்கள்.

முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். ஒன்று, போகவும் வரவும் எவ்வளவு தூரம் பாயில் ஓட்டுவீர்கள்? "காற்றைப் பொறுத்தது" என்று பதில் வந்தால் நேர்மையான ஆள். இரண்டு, அன்று காலையில் காற்று மிஞ்சினால் என்ன செய்வீர்கள்? ஜூலை, ஆகஸ்டில் வடக்குப் பயணம் ரத்தாவது உண்டு; சிலர் பணத்தைத் திருப்பாமல், கரையோரமாகவே ஒரு சுற்று சுற்றிக்காட்டி நாளை முடித்துவிடுகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் அபாயம் அதிகம், அப்போது எந்தக் கரையிலும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே மொரீஷியசில் இறங்கிய முதல் இரண்டு நாளுக்குள் படகுக்கு நாள் குறித்துவிடுங்கள். தள்ளிப்போனாலும் ஊர் திரும்புவதற்குள் இன்னொரு நாள் கையில் இருக்கும்.